‘போதும்’ என்னும் சொல் யாருக்கு உரியது?

விருந்துப் பந்தியில் வழங்கும் சொற்களுள் ‘போதும்’ என்பது தனித்தன்மை உடையது. பரிமாறுபவர் ‘இன்னும் கொஞ்சம்’ எனலாம். ‘கூச்சப்படாமல் உண்ணுங்கள்’ எனலாம். ஆனால் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அஃது இலையின் முன் அமர்ந்திருப்பவருக்கே உரிய சொல். உண்பவர் கைமறித்துச் சொன்னால் அது மனநிறைவு. பரிமாறுபவர் வாளியைத் தூக்கிக்கொண்டு சொன்னால் அஃது அவமதிப்பு. சொல் ஒன்றுதான், சொல்லும் வாய் மாறியதும் அதன் அறமும் மாறிவிடுகிறது.

கிறித்தவ சமயம் போற்றும் நன்றியுணர்வு, மனநிறைவு ஆகிய இரு பண்புகளையும் உலகத்து வறுமையின் முன்னே நிறுத்தி ஆராயும்போது, இவ்வேறுபாடு நமக்கு ஓர் உரைகல்லாக உதவும். இது கிறித்தவர்க்கு மட்டுமே உரிய ஆராய்ச்சி அன்று. உண்ணுமுன் ஒரு கணம் இறைவனை நினைக்கும் வழக்கம் உடையோர் எல்லோர்க்கும் உரியதே.

வினா எழும் இடம்

கிறித்தவ இல்லங்களில் உணவுக்கு முன் நன்றி கூறி வேண்டுவது அன்றாட வழக்கம். நெல்லைச் சீமையின் ஊர்களில் ஆண்டுதோறும் தோத்திரப் பண்டிகை நடைபெறும். தோட்டத்து முதற்காயையும், வீட்டுக் கோழியையும், வாழைத்தாரையும், தேங்காயையும் கொண்டுவந்து கோயிலில் படைப்பர். அவற்றை ஏலம் விட்டுத் திருப்பணிக்குப் பயன்படுத்துவர். பெற்றதை எண்ணி மகிழும் அழகிய வழக்கம் இது.

ஆயினும் சிந்திப்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழாமல் இராது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலக வங்கி, கொடிய வறுமைக்கு எல்லைக்கோடாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர் என்னும் அளவை வகுத்தது. விலைவாசி நாட்டுக்கு நாடு வேறுபடுவதைச் சரிக்கட்டிக் கணக்கிட்ட அளவு இது. அந்தக் கோட்டுக்கும் கீழே வாழ்வோர் ஏறத்தாழ 80 கோடிப் பேர். 2024ஆம் ஆண்டில் போதிய உணவின்றிப் பசித்திருந்தோர் சுமார் 67 கோடிப் பேர் என்று ஐக்கிய நாட்டு அமைப்புகள் மதிப்பிட்டன. அப்படியானால், என் தட்டில் உள்ள சோறு இறைவன் தந்தது என்று நான் நன்றி கூறும்போது, அடுத்தவன் தட்டு வெறுமையாய் இருப்பதற்கு யார் காரணம் என்று சொல்வேன்? எனக்குத் தந்தவர் அவனுக்கு ஏன் தரவில்லை? நான் சிறந்தவன் என்பதாலா? அவன் தாழ்ந்தவன் என்பதாலா?

இவ்வினாவுக்கு அஞ்சி நன்றி கூறுவதையே விட்டுவிட்டவர் உண்டு. இவ்வினா காதில் விழாதவாறு உரத்த குரலில் நன்றி கூறுவோரும் உண்டு. இரண்டும் பிழைபட்ட வழிகளே. நான் நன்றி மறப்பதனால் பசித்தவன் வயிறு நிறையப் போவதில்லை. என் உள்ளம்தான் மேலும் வறண்டு போகும். மற்றவரோ, தாம் நன்றி கூறுவது யாரிடம் என்பதையே மறந்துவிட்டார்.

ஒப்பிட்டு வரும் நன்றி

நன்றியுணர்வைக் கற்பிக்க நாம் வழக்கமாகக் கையாளும் முறை ஒன்று உண்டு. குழந்தை சோற்றை ஒதுக்கினால், “தெருவில் பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் பார், உனக்குக் கிடைத்திருக்கிறதே என்று கடவுளுக்கு நன்றி சொல்” என்கிறோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அச்சொல்லின் உட்பொருளை ஆராய்தல் வேண்டும். பிறனுடைய பசியை நம் சோற்றுக்குச் சுவையூட்டும் தொடுகறியாக்குகிறது அது. அவன் பசி தீர வேண்டும் என்பது அதில் இல்லை. அவன் பசித்திருப்பதே நம் நன்றிக்கு வேண்டிய முதற்பொருளாகிவிடுகிறது.

இவ்வகை நன்றியை இயேசு பெருமான் நன்கு அறிந்திருந்தார். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் கோயிலுக்கு வழிபடச் சென்ற இருவரைப் பற்றிய உவமை வருகிறது. ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். பரிசேயனுடைய வேண்டுதல் எவ்வாறு தொடங்குகிறது? நன்றி கூறித்தான் தொடங்குகிறது. தான் பிறரைப் போல இல்லை என்பதற்காகவும், அதோ நிற்கும் ஆயக்காரனைப் போல இல்லை என்பதற்காகவும் அவன் இறைவனுக்கு நன்றி செலுத்துகிறான். அந்த நன்றி ஏற்கப்படவில்லை என்பதே உவமையின் முடிவு. நன்றி என்னும் பெயரைத் தாங்கி வருவன எல்லாம் நன்றி ஆகா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒப்பிட்டு வரும் நன்றிக்கு மற்றொரு குறையும் உண்டு. கோடீசுவரனைப் பார்த்து ஏங்காதே, குடிசைவாசியைப் பார்த்து நன்றி சொல் என்கிறோம். குடிசைவாசி யாரைப் பார்ப்பான்? நடைபாதையில் உறங்குபவனைப் பார்ப்பான். நடைபாதையில் உறங்குபவன் நோயுற்றுக் கிடப்பவனைப் பார்ப்பான். இவ்வாறு இறங்கிக்கொண்டே சென்றால், எல்லோர்க்கும் கடைசியில் ஒருவன் இருப்பான். அவனுக்குப் பார்க்க ஆளே இல்லை. அவன் நன்றி கூறவே இயலாதவன் ஆகிறான். கடைசி மனிதனைக் கைவிடும் எந்த நன்றியும் கிறித்துவின் நெறிக்கு உரியது ஆகாது. ஏனெனில், அக்கடைசி மனிதனுக்குச் செய்ததே தமக்குச் செய்ததாகும் என்று கற்பித்தவர் அவர்.

சிறையிலிருந்து வந்த மடல்

மனநிறைவு பற்றிக் கிறித்தவர் பெரிதும் எடுத்துக்காட்டுவது பவுலடியார் பிலிப்பி நகரத்தார்க்கு எழுதிய மடலை. வாழ்விலும் தாழ்விலும், நிறைவிலும் குறைவிலும் அமைதியாய் இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அவர் அதில் கூறுகிறார். அம்மடலை அவர் எழுதிய இடம் சிறை. வசதியான இருக்கையில் அமர்ந்து பிறர்க்கு உரைத்த அறிவுரை அன்று அது. தம் இலையின் முன் அமர்ந்து தாமே சொல்லிய ‘போதும்’.

அவர் கையாண்ட கிரேக்கச் சொல், ஸ்தோயிக்கர் என்னும் மெய்யியலார் பெரிதும் போற்றிய சொல். பிறரை நாடாமல், பிறரால் அசையாமல், தன்னில் தானே நிறைந்து நிற்றல் என்பது அவர்கள் கொண்ட பொருள். பவுலடியார் அச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளை மாற்றிவிடுகிறார். அவர் அதை எழுதுவதே ஒரு நன்றி மடலில் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பிலிப்பி நகரத்தார் எப்பாப்பிரோதீத்து என்பார் வழியாக அவருக்குப் பொருளுதவி அனுப்பியிருந்தனர். ‘எனக்கு எந்நிலையும் ஒன்றே’ என்று கூறிய அதே மூச்சில், தம் துன்பத்தில் அவர்கள் பங்கு கொண்டது நல்ல செயல் என்று அவர் பாராட்டுகிறார். தாம் நிறைவாய் இருப்பதனால் பிறர் உதவி வேண்டாததாகிவிட்டது என்று அவர் கருதவில்லை.

இனி, அடுத்த செய்தியே மிகவும் இன்றியமையாதது. இதே பவுலடியார் எருசலேமில் வாடிய ஏழைகளுக்காக ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய இரண்டாம் மடலின் 8, 9 ஆகிய இரு அதிகாரங்களும் அத்திரட்டலைப் பற்றியவை. கொடிய வறுமையில் இருந்தும் வாரி வழங்கினர் என்று அவர் அங்கே மக்கெதோனியச் சபையாரைச் சுட்டுகிறார். பிலிப்பி மக்கெதோனியாவைச் சேர்ந்த ஊரே. தம் நோக்கம் சமநிலை என்றும் அவர் வெளிப்படையாகக் கூறுகிறார். பாலைநிலத்தில் இசுரவேலர் மன்னாவைச் சேர்த்த பழைய செய்தியையும் நினைவூட்டுகிறார். அங்கே மிகுதியாகச் சேர்த்தவனுக்கு எஞ்சியதும் இல்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைந்ததும் இல்லை.

‘எனக்குப் போதும்’ என்றவர் ‘எருசலேமின் ஏழைகளுக்கும் போதும்’ என்று சொல்லவில்லை. தமக்கு என்று வரும்போது மனநிறைவு; பிறர்க்கு என்று வரும்போது நீதி. இவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பதே நாம் பெரிதும் செய்யும் பிழை. நமக்கு என்று வரும்போது நீதி கேட்கிறோம். பிறர்க்கு மனநிறைவை உபதேசிக்கிறோம்.

ஒரு ராத்தல் தானியம்

இடம் மாற்றி வைத்தால் விளைவது என்ன என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் அஞ்சி நினைவுகூர்ந்த 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் அப்பஞ்சத்தால் மடிந்தோர் தொகை 55 லட்சம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழர் கூட்டம் கூட்டமாகச் செல்ல நேர்ந்த காரணங்களுள் பஞ்சமும் ஒன்று.

அக்காலத்தில் அரசின் செலவைச் சுருக்குவதற்காக அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். நிவாரண வேலையில் உடலுழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று அவர் 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அளவு வகுத்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதனினும் குறைவு. உழைக்கும் உடல் அந்த அளவில் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் வன்மையாக மறுத்தார். சில மாதங்களுக்குப் பின்னரே அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை உயிர்கள்! பரிமாறுபவன் வாளியைத் தூக்கிக்கொண்டு ‘போதும்’ என்று சொன்னதன் பயன் அது.

அதே பஞ்சத்தில் மற்றொரு காட்சியும் உண்டு. மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை (1826–1889), கத்தோலிக்க சமயத்தவர். தமிழின் முதல் நாவலை எழுதியவர். தம் பொருளை எடுத்துக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசியாற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சமயத்தால் வேறுபட்டவராயினும், அவருடைய கொடையைப் பாராட்டிப் பாடினார். வேதநாயகர் பஞ்சத்தைப் பற்றித் தாமே பாடிய கீர்த்தனைகளும் உண்டு. அவற்றில் அவர் ‘எல்லாம் உன் சித்தம்’ என்று அடங்கிப் போகவில்லை. மக்கள் படும் பாட்டைச் சொல்லி இறைவனிடம் முறையிட்டார். நன்றி மிக்க உள்ளம் பிறர் துன்பத்தின் முன் முறையீடாக மாறும் என்பதற்கு அவர் சான்று. அப்பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1867இல், வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி அணையா அடுப்பை ஏற்றிவிட்டார் என்பதையும் இங்கே நினைத்தல் தகும். சமயங்கள் வேறு வேறாயினும் பசியின் முன் நிற்கும் நெஞ்சம் ஒன்றே.

வறுமை இறைவன் விதித்ததா?

சிலர் உள்ளத்தில் ஓர் எண்ணம் ஆழப் பதிந்துள்ளது. வளமும் வறுமையும் இறைவன் வகுத்தவை. அவரவர் நிலையில் அமைதி கொள்வதே பக்தி என்பது அது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கிறித்தவப் பாடல் ஒன்றில், மாளிகைச் செல்வனையும் வாயிற்கதவருகே நிற்கும் ஏழையையும் அவ்வவ் நிலையில் வைத்தவர் இறைவனே என்னும் கருத்தில் ஓர் அடி இருந்தது. பிற்காலத்துப் பாடல் நூல்கள் பல அந்த அடியை நீக்கிவிட்டன. நீக்கியது நன்றே. ஏனெனில் நற்செய்தியில் வாயிலருகே கிடந்த ஏழை ஒருவன் உண்டு. லாசரு என்று அவன் பெயரும் கூறப்பட்டுள்ளது. செல்வனுக்கோ பெயரே இல்லை. அச்செல்வன் லாசருவை அடித்தான் என்றோ, அவன் பொருளைப் பறித்தான் என்றோ உவமை கூறவில்லை. நாள்தோறும் விருந்துண்டான், வாயிலில் கிடந்தவனைக் கண்டும் காணாதிருந்தான், அவ்வளவே. அதுவே அவனுக்குத் தீர்ப்பாயிற்று.

நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவில் பஞ்சம் வந்தபோது, செசரியா நகரத்துப் பசிலியார் செல்வர்களின் களஞ்சியங்களைத் திறக்குமாறு முழங்கினார். பெட்டியில் பூட்டிய ஆடை ஆடையற்றவனுக்கு உரியது, மிகுந்து கிடக்கும் அப்பம் பசித்தவனுக்கு உரியது என்பது அவர் போதனையின் சாரம். கொடுப்பது கருணை அன்று. கடன் திருப்பிச் செலுத்துதல் என்பதே அதன் பொருள்.

வறுமை விதி அன்று என்பதை இக்காலப் பொருளியலும் மெய்ப்பிக்கிறது. ஏறத்தாழ 30 லட்சம் உயிர்களைக் கொண்டுபோன 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை அமர்த்தியா சென் ஆராய்ந்தார். உணவு இல்லாமையைவிட, இருந்த உணவை வாங்கும் ஆற்றலும் உரிமையும் ஏழைத் தொழிலாளர்க்கு இல்லாது போனதே பேரழிவுக்குக் காரணம் என்று 1981இல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். மற்றொன்றும் காண்க. 1990இல் உலக மக்களில் மூவருள் ஒருவருக்கு மேற்பட்டோர் கொடிய வறுமையில் உழன்றனர். இன்று அத்தொகை பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. விதியானால் குறைந்திருக்குமோ? மனிதர் முயன்றால் குறையும் என்றால், குறையாமல் எஞ்சியிருப்பதற்கும் மனிதரே பொறுப்பு.

ஏழையின் நன்றி

“அப்படியானால் ஏழைகள் நன்றி கூறலாகாதா? அவர்களிடம் காணும் மனநிறைவு பொய்யா?” என்று கேட்கலாம். பொய் அன்று. கூழை வாயருகே கொண்டுசெல்லுமுன் கண்மூடி வேண்டும் முதியவளின் நன்றி, நம் நன்றியினும் ஆழமானது. ஆனால் அஃது அவள் சொத்து. அதை எடுத்துக்காட்டி, ‘பாருங்கள், இவர்கள் எவ்வளவு நிறைவாய் இருக்கிறார்கள்’ என்று நாம் ஆறுதல் கொள்வது களவு.

இரண்டு சிறு காசுகளைக் காணிக்கையிட்ட கைம்பெண்ணை இயேசு பெருமான் பாராட்டினார். அதனை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். மாற்கு நற்செய்தியில் அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னரே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் சமயத் தலைவர்களை அவர் கடிந்துரைப்பதை நாம் படிக்காமல் விட்டுவிடுகிறோம். அவளுடைய ஈகையைப் போற்றிய அதே வாய், அவளை ஏழையாக்கியவர்களைக் கண்டித்தது. ஏழையின் மனநிறைவைப் போற்றுவதற்கு உரிமை பெற வேண்டுமானால், அவனை ஏழையாக்கும் ஏற்பாட்டைக் கண்டிக்கவும் வேண்டும்.

நம் இல்லங்களில்

பிறந்த மண்ணை விட்டு இப்பெருநகரங்களுக்கு வந்து குடியேறிய நமக்கு இவ்வாராய்ச்சி மிகவும் நெருக்கமானது. நம்மில் பலருடைய குடும்பங்கள் ஒரு பெட்டியோடும் ஒரு முகவரியோடும் இரயிலேறி வந்தவை. வந்த நாளில் ஓர் அறை கிடைத்தால் போதும் என்றிருந்தது. அறை கிடைத்ததும் சொந்த வீடு. வீடு கிடைத்ததும் பெரிய வீடு. ‘போதும்’ என்னும் எல்லை தொடுவானம் போல விலகிக்கொண்டே போகிறது. அதே இரயிலில் வந்த மற்றொருவர் இன்னமும் குடிசைப் பகுதியில் தண்ணீர்க் குழாயின் முன் வரிசையில் நிற்கிறார். அவர் உழைப்பில் குறைந்தவர் அல்லர். ஒருவருக்குப் படிப்பு வாய்த்தது, மற்றவருக்கு வாய்க்கவில்லை. ஒருவருக்கு நோயில்லா உடல், மற்றவருக்கு மருத்துவக் கடன். இவற்றுள் எத்தனை நாமே ஈட்டியவை? ஈட்டாமல் பெற்றவை பல என்று உணர்வதே நன்றியின் தொடக்கம். ஈட்டாமல் பெற்றதைத் தமக்கே உரியதென்று பூட்டி வைக்கலாகாது என்று உணர்வது அதன் முதிர்ச்சி.

இம்முதிர்ச்சிக்கு நம் மரபிலேயே வழிகள் உள. சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் தமிழ்க் கிறித்தவப் பெண்களிடையே நெடுங்காலமாக உண்டு. சைவ, வைணவ இல்லங்களிலும் உண்டு. அதன் நுட்பம் யாதெனில், உண்டு மிஞ்சியதிலிருந்து அது எடுக்கப்படுவதில்லை; உலையில் இடுமுன்னே எடுக்கப்படுகிறது. நம் தேவை எவ்வளவு என்று முடிவு செய்யும்போதே பிறன் பங்கும் கணக்கில் வந்துவிடுகிறது. ஊதியம் வந்தவுடன், செலவுத் திட்டம் எழுதுமுன், ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் குடும்பம் இக்காலத்தில் அப்பிடியரிசியைக் காப்பாற்றுகிறது.

தென்மாவட்டத் திருச்சபைகளில் அசனம் என்னும் பொது விருந்தும் உண்டு. ஊரார் யாவரும் ஒரே உலையின் சோற்றை ஒரே பந்தியில் உண்பர். செல்வர் முந்தி உண்டு, ஏழைகள் பசித்து நிற்கும் விருந்து ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று கொரிந்து நகரத்தாரைப் பவுலடியார் கடிந்தது இங்கே நினைவுக்கு வரும். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மாநாட்டில் மேலைநாட்டாரிடம் கேட்டதும் இதுவே. அவர்கள் செய்த தியாகங்களையும் கொடைகளையும் நன்றியோடு போற்றிவிட்டு, எங்களுக்கு நட்பையும் தாருங்கள் என்று வேண்டினார். தொலைவில் நின்று கொடுப்பது எளிது. ஒரே பந்தியில் அமர்வதே அரிது. நம் வீட்டு வேலை செய்யும் அம்மையாரின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, வாயிற்காவலர்க்கு நோய் வந்தால் ஊதியம் உண்டா என்று கேட்டறிவது அப்பந்திக்குச் செல்லும் முதற்படி. அவர்க்கு உரிய கூலியைக் குறைக்காமல் தருவது இரண்டாம் படி. அன்பளிப்பு அதன் பின்னரே.

இயேசு பெருமான் கற்பித்த வேண்டுதலில் அன்றாட உணவைக் கேட்கும் இடத்தில் ‘எனக்கு’ என்னும் சொல் இல்லை. ‘எங்களுக்கு’ என்றே உள்ளது. தனியறையில் ஒருவர் மட்டும் இருந்து வேண்டினும் அவ்வாறே சொல்ல வேண்டும். அந்த ‘எங்கள்’ எவ்வளவு பரந்தது என்பதுதான் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. என் வீட்டார் மட்டுமா? என் சபையார், என் மொழியார் மட்டுமா? பசித்திருக்கும் 67 கோடிப் பேரும் அதனுள் அடங்குவரா? அடங்குவர் என்றால், நாம் கேட்டது முழுவதும் இன்னும் அருளப்படவில்லை. அல்லது அருளப்பட்டது பங்கிடப்படாமல் நம் கைகளில் தங்கியிருக்கிறது.

ஆகவே நன்றி கூறுவோம். அதனை விட வேண்டியதில்லை. நம் இலைக்கு நாமே ‘போதும்’ என்று சொல்லப் பழகுவோம். பிறர் இலையைப் பார்க்கும்போது மட்டும், ‘இன்னும் வேண்டுமா?’ என்பதே நம் சொல்லாக இருக்கட்டும்.